என் மகனுக்கு டோபமின் குறைவா? ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு பரிசோதனையைப் பற்றி. பத்தாம் வகுப்புப் படிக்கும் பதினைந்து வயது மகன் புத்தகத்தின் முன்னால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காருவதில்லை. டியூஷன் ஆசிரியர் "மூளையில் டோபமின் குறைவாக இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். உங்கள் கணவர் "எல்லாம் செல்போன் செய்த வேலை, திமிர்" என்கிறார். ரத்தம் எடுத்தால் டோபமின் அளவு தெரிந்துவிடுமா, எங்கே எடுப்பது, மாத்திரை போட்டால் அளவு ஏறுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, "இவன் வேண்டுமென்றே செய்கிறானா, முடியாமல் செய்கிறானா என்று மட்டும் தெரிந்தால் போதும்" என்று, அதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநல மருத்துவத்தில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். டியூஷன் ஆசிரியர் மனதில் வைத்துச் சொல்வது ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறாக இருக்க வேண்டும். உங்கள் மகனை நேரில் பார்க்காமல் அவனுக்கு இந்தக் கோளாறு இருக்கிறது என்றோ இல்லை என்றோ நான் சொன்னால் அது பொய். எதை உறுதியாகச் சொல்ல முடியுமோ, எது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறதோ, அதைப் பிரித்துச் சொல்கிறேன். நீங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சரியான கேள்விகளோடு போக அது உதவும்.

முதலில் பரிசோதனை. டோபமின் என்பது நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். மூளையில் அது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ரத்தத்திலும் டோபமின் உண்டு, ஆனால் அது குடலிலும் சிறுநீரகத்திலும் உடம்பின் நரம்புகளிலும் உண்டாவது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, டோபமின் அதைத் தாண்டாது. இதற்குச் சாட்சி வேண்டுமானால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். ரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு அங்கே டோபமினையே ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். அது இதயத்திலும் ரத்தக் குழாய்களிலும் வேலை செய்கிறதே தவிர, மூளைக்குள் நுழைவதில்லை. மூளையில் உண்மையாகவே டோபமின் செல்கள் அழிந்துபோகும் பார்க்கின்சன் நோயில்கூட டோபமினைக் கொடுப்பதில்லை, தடுப்பைத் தாண்டி உள்ளே போய் டோபமினாக மாறக்கூடிய லெவோடோபாவைத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே சிறுநீரிலோ ரத்தத்திலோ "நரம்பு ரசாயனப் பரிசோதனை" என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களாலும் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. வலிப்பு போன்ற வேறொன்றைச் சந்தேகித்தால் மருத்துவர் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எழுதிக் கொடுப்பார், அது வேறு விஷயம்.

அப்படியானால் டியூஷன் ஆசிரியர் சொன்னது முழுப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. டோபமின் என்றதும் "மகிழ்ச்சி தரும் ரசாயனம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன் 1950களின் இறுதியில் இது மூளையில் தனி வேலை பார்க்கும் ஒரு தூதுப் பொருள் என்று காட்டினார், அதற்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதன் வேலை என்ன என்பதைப் பிற்காலத்தில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் தெளிவாக்கின. குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு விழும்போது டோபமின் செல்கள் சட்டென்று துடித்தன. ஒவ்வொரு முறையும் ஒரு அடையாளம் தோன்றி, அதன் பிறகு சாறு வரும் என்று பழகிவிட்டால், சாறு வரும்போது துடிப்பதில்லை, அடையாளம் தோன்றும்போதே துடித்தன. அடையாளம் தோன்றியும் சாறு வராவிட்டால், அது வரவேண்டிய நொடியில் துடிப்பு அடங்கிப்போனது. அதாவது, "இதில் நினைத்ததைவிட அதிகம் கிடைக்கும், இதைக் கவனி" என்று மூளைக்குள் விலை போட்டுச் சொல்லும் தூது அது. அனுபவிக்கும் இன்பத்தைவிட, ஒன்றைத் தேடிப் போகத் தூண்டுவதில் அதன் பங்கு பெரிது.

இதை உங்கள் மகனின் மேசைக்குக் கொண்டுவந்து பாருங்கள். கைபேசியில் ஒரு செய்தி வந்தால் பலன் இந்த நொடியில். வேதியியல் பாடத்தைப் படித்தால் பலன் அடுத்த மார்ச்சில், அதுவும் நிச்சயமில்லை. தூரத்தில் இருக்கும் பலனின் விலை எல்லாருடைய மனதிலும் குறைந்துதான் தெரியும். இந்தக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு அது இன்னும் வேகமாகக் குறைந்துவிடுகிறது என்பதும், காத்திருப்பது அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பாரமாக இருக்கிறது என்பதும் திரும்பத் திரும்பப் பல ஆய்வுகளில் தென்பட்டிருக்கிறது. "ஐந்து மணி நேரம் கேம் ஆடுகிறானே, அப்போது எங்கிருந்து கவனம் வருகிறது?" என்று என்னிடம் கேட்காத தகப்பனார் இல்லை. விளையாட்டு ஒவ்வொரு சில நொடிக்கும் ஒரு பரிசைக் கையில் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே கவனத்தை விளையாட்டு பிடித்து வைத்திருக்கிறது. பாடப் புத்தகத்தில் அதை அவனேதான் பிடித்து வைக்க வேண்டும். சிரமம் இருப்பது அந்த இரண்டாவது வேலையில்.

அந்த இரண்டாவது வேலையைச் செய்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. அங்கே டோபமினோடு நார்அட்ரினலின் என்ற இன்னொரு தூதுப் பொருளும் வேலை செய்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் முக்கியமான ஒன்றைக் காட்டின. இந்த இரண்டும் குறைந்தாலும் முன்மூளை சரியாக வேலை செய்யாது, கூடினாலும் செய்யாது. தம்புராவின் தந்தி மாதிரி, தளர்ந்தாலும் சுருதி சேராது, இறுகினாலும் சேராது. பயமும் பதற்றமும் வரும்போது இவை அளவுக்கு மேல் பெருகி முன்மூளையின் பிடி தளர்ந்துவிடுகிறது. இதைத் தயவுசெய்து உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கத்தினால், அடித்தால் அந்த ஐந்து நிமிடம் அவன் உட்காருவான். ஆனால் கணக்குப் போடத் தேவையான மூளைப் பகுதி அந்த நேரத்தில் அவனுக்குக் கைகொடுக்காது. அவனை உட்கார வைப்பதற்காகச் செய்வதே படிக்க முடியாமல் செய்துவிடும்.

இனி "குறைவு" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மருந்து முதலில் வந்தது, விளக்கம் பிறகுதான் வந்தது. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், நடத்தைச் சிக்கல்களுக்காகத் தங்கியிருந்த 30 குழந்தைகளுக்கு பென்ஸட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் வகை ஊக்க மருந்தைக் கொடுத்தார். ஏறக்குறைய பாதிப் பேர் திடீரென்று பாடத்தில் அக்கறை காட்டினார்கள். 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிஸ்ஸோன், இன்று இந்தக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்தை உருவாக்கினார். மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான ரீட்டாவை வைத்துத்தான் அதற்கு ரிட்டலின் என்று பெயர் வந்தது. டோபமினை மூளை நரம்புகள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இந்த மருந்து தடுக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. உடனே பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள்: மருந்து டோபமினைக் கூட்டுகிறது, மருந்தால் பிள்ளைக்குக் கவனம் வருகிறது, ஆகவே பிள்ளைக்கு டோபமின் குறைவு. பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்குகிறது என்பதற்காக, காய்ச்சல் என்பதே பாராசிட்டமால் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. 1978இல் ஜூடித் ராப்பப்போர்ட்டும் அவருடைய குழுவும் எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கவனம் கூடியது, ஆட்டம் குறைந்தது. எனவே "ஒரு மாத்திரை கொடுத்துப் பார்ப்போம், வேலை செய்தால் நோய் உறுதி" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அது நோயறிதல் ஆகாது.

நேரடிச் சான்று என்ன இருக்கிறது என்றால், கொஞ்சம் இருக்கிறது, கொஞ்சம் முரண்படுகிறது. 2009இல் நோரா வோல்கோவின் குழு, கோளாறு இருந்தும் மருந்தே சாப்பிட்டிராத 53 பெரியவர்களை, மூளையில் ரசாயனங்களின் வேலையைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தது. பலனை எடைபோடும் மூளைப் பாதையில் டோபமினின் செய்தியை வாங்கும் ஏற்பிகளும் டோபமினை உறிஞ்சும் கடத்திகளும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் ஆறே பேரை வைத்துச் செய்த வேறோர் ஆய்வு, அதே கடத்திகள் 70 சதவீதம் அதிகம் என்று சொல்லியிருந்தது. இவை எல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் சராசரியை ஒப்பிடும் ஆய்வுகள். சராசரியில் வித்தியாசம் இருக்கலாம், ஆனால் தனி ஒருவருடைய ஸ்கேனைக் கையில் கொடுத்தால் யாராலும் இவருக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை என்று பிரிக்க முடியாது. மூளையின் அளவிலும் அப்படித்தான். கோளாறு உள்ள 1,713 பேரையும் இல்லாத 1,529 பேரையும் ஒப்பிட்டு 2017இல் வந்த பெரிய ஆய்வில், மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகள் பிள்ளைகளிடம் சற்றே சிறியவை என்று தெரிந்தது. வித்தியாசம் மிகச் சிறியது, பெரியவர்களிடம் அதுவும் தென்படவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது பரம்பரை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்தக் கோளாறில் மரபின் பங்கை 70 முதல் 80 சதவீதம் என்று சொல்கின்றன. ஆனால் "டோபமின் மரபணு" என்று ஒன்றைத் தனியாகக் காட்ட முடியாது. 2019இல் மரபணுத் தொகுதியில் 12 இடங்களையும் 2023இல் 27 இடங்களையும் கண்டுபிடித்தார்கள். அவை ஒவ்வொன்றின் பங்கும் துளித்துளி, அதில் டோபமினோடு நேராகத் தொடர்பில்லாதவையும் நிறைய. இதை வீட்டு மொழியில் சொன்னால், குழந்தையை அழைத்து வரும் தகப்பனாரே பேச்சின் நடுவில் "நானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தேன்" என்று சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உங்கள் கணவரிடமோ, இரு பக்கத்து மாமா சித்தப்பாக்களிடமோ அப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். குற்றம் கண்டுபிடிக்கிற தொனி இல்லாமல் கேளுங்கள்.

இளம் பருவத்தில் இது எப்படி இருக்கும் என்பதற்கு 2007இல் ஃபிலிப் ஷாவின் குழு வெளியிட்ட ஆய்வு நல்ல படம் தருகிறது. கோளாறு உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் ஸ்கேனில் தொடர்ந்து பார்த்தார்கள். மூளையின் மேற்பட்டை தடித்து உச்சத்தைத் தொடும் வயது மற்றவர்களுக்கு ஏறக்குறைய ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. தாமதம் அதிகமாக இருந்தது முன்மூளையில். வளர்ச்சியின் வரிசை அதேதான், நேரம்தான் பிந்துகிறது. சின்ன வயதில் சுவர் ஏறிக் குதித்தவன் பதினைந்து வயதில் குதிப்பதில்லை. வெளி ஆட்டம் குறைந்து உள்ளுக்குள் ஓர் அலைச்சலாக மாறிவிடுகிறது. பேனாவைத் திருகுவான், காலை ஆட்டுவான், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பான். "சரியாகிவிட்டான்" என்று பெற்றோர் நினைக்கும் அதே ஆண்டுகளில் பள்ளியின் எதிர்பார்ப்பு பல மடங்கு ஏறுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை அவனுடைய முன்மூளை செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்தீர்கள்: பை அடுக்கினீர்கள், டைரி பார்த்தீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்தீர்கள். பத்தாம் வகுப்பில் அவனே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்றதும் சரிவு வெளியே தெரிகிறது. பல பிள்ளைகள் என்னிடம் முதல்முறையாக வருவது ஒன்பதாம், பத்தாம் வகுப்பில்தான்.

ஒரு பையனின் கணக்கு நோட்டு இன்னும் நினைவில் இருக்கிறது. பக்கத்தின் முதல் மூன்று கணக்குகள் அச்சடித்தது போல் சரி. நான்காவதில் மூன்றாம் வரியில் கழித்தல் குறி கூட்டலாக மாறியிருந்தது. ஐந்தாவதில் கேள்வியில் இருந்த 36, நோட்டில் 63 ஆகியிருந்தது. ஆறாவது பாதியில் நின்று, ஓரத்தில் ஒரு பேருந்து வரையப்பட்டிருந்தது, ஜன்னல்களுக்குக்கூடக் கம்பி போட்டிருந்தான். கணக்குத் தெரியாதவனின் பக்கம் அது அல்ல. தெரிந்தவன், பிடியை விட்டுவிட்டவன். அந்தப் பக்கத்தின் கீழே ஆசிரியர் சிவப்பு மையில் "அலட்சியம்" என்று எழுதியிருந்தார். அவனுடைய அம்மா கூடவே இரண்டாம் வகுப்பு ரேங்க் கார்டையும் எடுத்து வந்திருந்தார். அதிலும், வேறோர் ஆசிரியரின் கையெழுத்தில், "புத்திசாலி, ஆனால் வகுப்பில் கவனம் இல்லை" என்று இருந்தது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர் ஒன்றையே பார்த்திருக்கிறார்கள். எந்த ஸ்கேனும் தராத தகவல் அந்தப் பழைய அட்டையில் இருந்தது.

நோயறிதல் இப்படித்தான் நடக்கிறது. உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறை 2013இல் திருத்தப்பட்டது. அதன்படி, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தென்பட வேண்டும். ஆறு மாதமாவது நீடித்து, வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். இதற்காக உங்களிடம் ஒரு மணி நேரம், அவனிடம் தனியாக ஒரு மணி நேரம், ஆசிரியர்களிடம் கேள்வித்தாள் என்று மருத்துவர் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தில் சொல்லப்படும் முடிவை, அது எந்தப் பக்கமாக இருந்தாலும், நம்ப வேண்டாம். ஏழாம் வகுப்பு வரை நன்றாக இருந்தவன், இந்த ஓராண்டில்தான் மாறினான் என்றால் எனக்கு முதலில் இந்தக் கோளாறின் மேல் சந்தேகம் வராது. வேறு எது மாறியது என்று தேடுவேன்.

தேட வேண்டியவை நிறைய. தூக்கம் முதலில் வருகிறது. பருவ வயதில் மூளையின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, தூக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. பதினொன்றரைக்குப் படுத்து, ஐந்து மணிக்கு டியூஷனுக்கு எழும் பிள்ளை ஆறு மாதம் அப்படி இருந்தால், எந்தக் கோளாறும் இல்லாமலே இந்தக் கோளாறு உள்ளவன் போல் ஆகிவிடுவான். உங்கள் மகன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ரத்தம் எடுக்க வேண்டும் என்று நினைத்தீர்களே, அதற்கும் ஓர் இடம் உண்டு: இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு குறையும் கவனத்தைக் கெடுக்கும், மருத்துவர் தேவை என்று நினைத்தால் அவற்றைப் பார்க்கட்டும். இரவில் வாய் திறந்து குறட்டை விடுகிறானா? டான்சில், அடினாய்டு பெருத்துத் தூக்கம் கெடலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காதது போல் தொடர்கிறானா? அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமப்படும் கற்றல் குறைபாடு, மனச்சோர்வு, பள்ளியில் யாராவது தொடர்ந்து சீண்டுவது, வீட்டில் சண்டை, புகையோ போதைப் பொருளோ எட்டிப் பார்ப்பது, இவை எல்லாமே "படிப்பில் கவனமில்லை" என்ற ஒரே வாசல் வழியாகத்தான் எங்களிடம் வருகின்றன. இவற்றில் சில இந்தக் கோளாறோடு சேர்ந்தும் இருக்கும், அதனால் ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்தக் கூடாது.

இந்தக் கேள்வியைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காக ஒன்று. பெண் பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் அமைதியான உருவில் வருகிறது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஜாமெட்ரி பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் வாரம் ஒருமுறை தொலைப்பாள், யாரையும் தொந்தரவு செய்ய மாட்டாள். தொந்தரவு இல்லாததால் யாரும் அழைத்து வருவதுமில்லை. கல்லூரியில் மனச்சோர்வோடு வரும்போதுதான் பின்னால் போய்ப் பார்த்து, ஆரம்பம் இது என்று கண்டுபிடிக்கிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தரும் நோயாளிகள் இவர்கள்.

செல்போனைப் பற்றி உங்கள் கணவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 15, 16 வயதுப் பிள்ளைகள் 2,587 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. ஆரம்பத்தில் அறிகுறி இல்லாதவர்களில், கைபேசி, சமூக ஊடகங்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குப் பிறகு அறிகுறிகள் தோன்றும் வாய்ப்பு ஓரளவு கூடுதலாக இருந்தது. தொடர்பு இருக்கிறது என்பது வரை சொல்லலாம். கைபேசிதான் காரணம் என்பதற்கு அந்த ஆய்வு சான்று ஆகாது, ஏற்கெனவே அலைபாயும் மனம் கைபேசியை அதிகம் நாடும் என்பதும் சாத்தியமே. இரவில் தூக்கத்தைத் திருடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லாருடைய கைபேசியும், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் சேர்த்து, ஹாலில் ஒரே இடத்தில் இருக்கட்டும். அவனுடையதை மட்டும் பிடுங்கினால் அது தண்டனையாகிவிடும்.

மாத்திரை. நோயறிதல் உறுதியாகி, பாதிப்பு பெரிதாக இருந்தால் மருந்தைக் கண்டு பயப்படாதீர்கள். மெத்தில்ஃபெனிடேட் விழுங்கிய அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கும், சாதாரண வகை நான்கு மணி நேரம் போல நிற்கும், மெதுவாகக் கரையும் வகை இன்னும் அதிக நேரம். ஒரு பையன் மருந்து தொடங்கி ஒரு வாரம் கழித்து வந்து சொன்னான்: "முன்பெல்லாம் வகுப்பில் மின்விசிறி சத்தமும் மிஸ் பேசுவதும் ஒரே அளவில் கேட்கும். இப்போது மின்விசிறி தூரத்தில் போய்விட்டது." இந்த மருந்தின் வேலையை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும். தொடர்ந்து சில ஆண்டுகள் சாப்பிட்டால் உயரத்தில் சராசரியாக ஓரிரு சென்டிமீட்டர் குறையலாம். குடும்பத்தில் இளம் வயதில் யாராவது இதய நோயால் திடீரென்று இறந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பழக்கமாகிவிடுமா என்று கேட்பீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் சரியான அளவில் எடுக்கும் பிள்ளைகள் பிற்காலத்தில் போதைக்கு ஆளாகும் வாய்ப்பு இதனால் கூடுவதில்லை என்றுதான் நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நண்பனுக்குக் கொடுத்தாலோ, தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருக்க விழுங்கினாலோ அது ஆபத்து. நம் நாட்டில் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்து, எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. மாத்திரையை நீங்களே பூட்டி வைத்து நீங்களே கொடுங்கள். அட்டோமாக்சிட்டின் என்ற இன்னொரு மருந்து இது போன்ற ஊக்க மருந்து அல்ல. அது நார்அட்ரினலின் வழியாக வேலை செய்வது, முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தொடங்கும் நாட்களில் பிள்ளையின் மனநிலை திடீரென்று மாறினால், தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றி ஒரு சொல் பேசினாலும், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கோளாறு உள்ள 579 குழந்தைகளை 14 மாதம் பார்த்து 1999இல் வெளிவந்த பெரிய ஆய்வில், கவனமாக அளவிட்டுக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. ஆனால் மூன்றாம் ஆண்டில் அதே பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தபோது குழுக்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டிருந்தது. ஆய்வு முடிந்ததும் பலர் மருந்தை நிறுத்தியதும், மற்றவர்கள் தொடங்கியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், இன்னும் விவாதம் நடக்கிறது. இன்று உட்கார வைக்கும் என்பது உறுதி. எதிர்காலத்தைத் தனியாக அதுவே மாற்றிவிடும் என்பது உறுதி இல்லை. மருந்து உட்கார வைக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் எப்படிப் படிப்பது என்பதை யாராவது கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் வரை காத்திருக்காமல் நாளையே செய்யக்கூடியவை சில உண்டு. "போய்ப் படி" என்று சொல்லாதீர்கள். அது அவன் மூளைக்கு மிகப் பெரிய, உருவமில்லாத வேலை. "இந்தப் பக்கத்தில் இரண்டு கணக்கு, முடித்ததும் என்னிடம் காட்டு" என்று சொல்லுங்கள். முடித்து வரும்போது பலன் அந்த நிமிடமே இருக்கட்டும், ஒரு நல்ல வார்த்தை போதும். பதினைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது, கண்ணில் படும் இடத்தில் ஒரு கடிகாரம். நடந்துகொண்டே, சத்தமாகச் சொல்லிப் படித்தால் மனதில் நிற்கிறது என்றால் படிக்கட்டும். நாளை என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்பதை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள், பத்தாம் வகுப்பு என்றாலும்.

ரத்தம் எங்கே எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதிலாக எங்கே போவது என்று சொல்கிறேன். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். குழந்தைகள் மனநலத்துக்குத் தனிப் பிரிவு வேண்டுமானால் பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவ நிறுவனம் இருக்கிறது. முதல் அடியாக 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவித் தொலைபேசி, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மதிப்பீட்டில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பதாகத் தெரிந்தால் சான்றிதழ் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, கவனக்குறைவுக் கோளாறு தனியாக இல்லை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குத் தேர்வு நெருங்கிய பிறகு அலைந்து பயனில்லை, தலைமையாசிரியரிடம் இப்போதே பேசுங்கள்.

வேண்டுமென்றே செய்கிறானா என்ற உங்கள் கேள்விக்கு, கோளாறு இருந்தால் பதில் "இல்லை". கோளாறு இல்லாவிட்டாலும், நான் பார்த்த பிள்ளைகளில் தோற்றுப்போக வேண்டும் என்று விரும்பித் தோற்றவன் ஒருவனும் இல்லை, வேறு ஏதோ ஒன்று அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். மருத்துவரிடம் போகும் முன் பரணில் தேடி ஒன்றாம் வகுப்பு முதலான ரேங்க் கார்டுகளை எடுத்து வையுங்கள், இப்போதைய கணக்கு நோட்டு ஒன்றையும். இரண்டு வாரம் அவன் படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவரிடம், உங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு மகனிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசும்படி நீங்களே கேளுங்கள்.